இடம் இருக்கு, டோக்கன் இல்ல

"எத்தனை?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே கேட்கிறார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறைக்காரர். மேசைமேல் பன்னிரண்டு டெராபைட் டிஸ்க் ஒன்று, உறைகூடப் பிரிக்காமல், அவருடைய டீ டம்ளரிலிருந்து நல்ல இரண்டு முழம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. எதிரே நிற்பவர் எக்ஸ்ரே பிரிவின் ஊழியர்.

"எத்தனைன்னா என்ன சார்? ஒரு டிஸ்க்தான் கொண்டாந்தேன்."

"டிஸ்க் ஒண்ணுதான், எனக்கும் கண்ணு தெரியுது. உள்ள எத்தனை ஃபைல் வைக்கப் போறீங்க? ஒண்ணொண்ணும் எவ்வளவு பெருசு?"

"அதெல்லாம் எனக்கெப்படி சார் தெரியும்? ஃபார்மட் பண்ணி வாங்கிட்டு வான்னாங்க, வந்தேன்."

"சொன்னவங்களைப் போய்க் கேட்டுட்டு வாங்க. டிஸ்க் எங்கயும் ஓடிடாது."

ஊழியர் முணுமுணுத்துக்கொண்டே போவார். போய்க் கேட்டுவிட்டு வரத்தான் வேண்டும். இந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரே வந்து நின்றாலும் இந்த இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போக முடியாது. அதனால்தான் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. நர்ஸ்கள், வார்டு பையன்கள், லிஃப்ட் ஓட்டுபவர், எல்லாருக்கும் அவர் 'எத்தனை சார்'.

அவருடைய அறை தரைத்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் துணி வெளுக்கும் கூடம், மறுபக்கம் ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கும் அறை. வெளுப்புக் கூடத்தின் ஆவி சுவர் தாண்டி வந்து, மேசையின் பலகை ஓரங்கள் உப்பிக்கொண்டு நிற்கின்றன. இரும்பு அலமாரியில் டிஸ்க்குகள் புத்தகம் மாதிரி நிமிர்ந்து வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை டேப், அதில் பென்சிலால் அறையின் பெயரும் தேதியும். பேனாவால் எழுத மாட்டார். "பேனாவுல எழுதினா நாளைக்கு அது பொய்யாயிடும். பென்சில்னா மன்னிப்பு உண்டு" என்பார்.

அவர் ஃபார்மட் செய்வதை, அதாவது டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக வகுப்பதை, பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். கட்டளை முழுவதையும் தட்டிவிட்டு, என்டரைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கண்ணாடியைத் துடைப்பார். திரையில் தெரியும் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சத்தமாகப் படிப்பார். வந்தவர் டிஸ்க்கின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இதுல திரும்பி வர வழி கிடையாது." சொல்லி முடித்த பிறகுதான் ஒரு விரல், வலது கையின் நடுவிரல், என்டரில் இறங்கும். இத்தனை வருடத்தில் தப்பான டிஸ்க்கை அவர் அழித்ததே இல்லை.

அவருடைய கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸ் நல்ல பிள்ளைதான். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவே ஒரு கணக்குப் போட்டு ஃபார்மட் செய்து கொடுத்துவிடும். ஆனால் அது பொதுக் கணக்கு, நம் வீட்டுக் கணக்கு இல்லை என்பது இவருடைய கட்சி. உதாரணத்துக்கு, அது எந்த டிஸ்க்கிலும் ஐந்து சதவீதத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கிப் பூட்டிவிடும். அந்தக் காலத்துக் குட்டி டிஸ்க்குக்கு அது சரி. பன்னிரண்டு டெராபைட்டில் ஐந்து சதவீதம் என்றால் அறுநூறு கிகாபைட். "நான் மூச்சு விட ஒரு சதவீதம் போதும், மிச்சத்தை நோயாளிங்களுக்குக் கொடு" என்று திரையிடமே பேசியபடி அதை ஒன்றாகக் குறைப்பார்.

ஆனால் அவருடைய இரண்டு கேள்விகளும் வேறு விஷயத்தைப் பற்றியவை. ஒரு ஃபைல் டிஸ்க்குக்குள் வர வேண்டுமென்றால் இடம் மட்டும் இருந்தால் பத்தாது. அதற்கென்று ஒரு பதிவு எண்ணும் வேண்டும். அப்படி மொத்தம் எத்தனை எண்கள் என்பதை ஃபார்மட் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். நிறைய வைத்தால் அந்த எண்களே இடத்தைச் சாப்பிடும். குறைத்து வைத்துவிட்டுப் பிறகு பத்தவில்லை என்றால், கூட்ட வழியில்லை. உள்ளே இருக்கும் அத்தனையையும் வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேறொரு ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்க்கும் நண்பர் ஃபோனில் தலையில் அடித்துக்கொள்வார்: "எக்ஸ்எஃப்எஸ்னு வேற வகை ஃபார்மட் இருக்கே, அதைப் போட்டுட்டுப் போங்க சார். அதுல எண் தேவைப்படத் தேவைப்பட அதுவே உண்டாக்கிக்கும்." இவர் அசைய மாட்டார். "அதை அப்புறம் சின்னதாக்க முடியாது. நான் பழகினதோட இருந்துக்கறேன். இதோட குணம் எனக்குத் தெரியும்."

குணம் தெரிந்தது சும்மா இல்லை, பட்டுத் தெரிந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஸ்கேன் அறைக்கு இதே மாதிரி ஒரு பன்னிரண்டு டெராபைட். "எல்லாம் பெரிய பெரிய படம் சார்" என்று யாரோ சொன்னார்கள். இவரும் அதை நம்பி, பெரிய ஃபைல்களுக்கான சிக்கனக் கணக்கில், நாலு மெகாபைட்டுக்கு ஒரு எண் என்று வைத்தார். ஸ்கேன் என்பது ஒரே பெரிய படம் என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நூற்றுக்கணக்கான மெல்லிய துண்டுகள், ஒவ்வொரு துண்டும் தனி ஃபைல், அரை மெகாபைட்தான். ஏழாவது மாதம் ஒரு காலை, 'இடமில்லை' என்று டிஸ்க் கையை விரித்துவிட்டது. பத்தரை டெராபைட் காலியாகக் கிடக்கிறது!

ஸ்கேன் டாக்டர் கத்திய கத்தலுக்கு வெளியே காத்திருந்த குழந்தைகள் அழுதன. "பத்து டெராபைட் சும்மா கெடக்கு, இடமில்லைன்னா என்னய்யா அர்த்தம்?" நாலு நாள் ஸ்கேன் நின்றது. கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மாவிடம் "வேற ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்று நர்ஸ் சொன்னதை அவர் கதவோரத்தில் நின்று கேட்டார். அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வீட்டில் அதைத் திறந்து பார்த்தவர் டோக்கன் அம்மா.

டோக்கன் அம்மா என்றால் அவருடைய மனைவி. இதே ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டவர். மைக் இருந்தது, ஆனால் அதைத் தொட்டதே கிடையாது. "நாப்பத்தி ரெண்டு!" என்றால் மருந்துக் கடை வரிசையில் நிற்பவர்கூடத் தன் சீட்டைப் பார்த்துக்கொள்வார். இவர்கள் கல்யாணமே அந்தக் கூடத்தில் ஆரம்பித்ததுதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இவர் கவுண்டரில் போய் நின்று, "ஒரு நாளைக்கு எத்தனை டோக்கன் கூப்பிடுவீங்க?" என்று கேட்டாராம். "முந்நூறு. உங்களுக்கு எத்தனாவது வேணும்?" என்றாராம் அந்த அம்மா. அதற்கு மேல் இவர் என்ன செய்வார் பாவம்.

அந்த ஸ்கேன் தோல்வியை அவர் மனைவியிடம் விளக்கப் பார்த்தார். பதிவு எண், ஐநோடு, விகிதம் என்று ஏதேதோ சொன்னார். டோக்கன் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க இருங்க. கூடத்துல நாற்காலி காலியா கெடக்கு. ஆனா காலையில அடிச்ச டோக்கன் தீந்துபோச்சு. அதனால வாசல்ல நிக்கிறவங்களை உள்ள விட முடியல. அதானே?"

அவர் வாயைப் பிளந்துகொண்டு மனைவியைப் பார்த்தார். அதேதான்.

"இதுக்கா சாப்பிடாம வந்தீங்க? அடுத்த தடவை டோக்கன் அடிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை பேர் வராங்கன்னு கேட்டுக்கோங்க. இப்ப கையைக் கழுவுங்க."

அன்றிலிருந்துதான் 'எத்தனை?' ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செருப்பு வைக்கும் அலமாரி வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் விலை சொல்லும் முன்பே மனைவி பக்கம் திரும்பி, "எத்தனை ஜோடி? ஒண்ணொண்ணும் எவ்வளவு பெருசு?" அக்கா மகன் புத்தக அலமாரி கேட்டான், அவனையும் விடவில்லை. "புத்தகம் தடியா மெலிசா?" டோக்கன் அம்மா கடைத் தெருவிலேயே சிரிப்பார். "எத்தனை, எத்தனை! என் காலம் முழுக்க நான் நம்பர் கூப்பிட்டது பத்தாதுன்னு நீங்க வேறயா?"

போன வருடம் ஒரு நாள் காலை, அந்த அம்மா கவுண்டரில் நின்று நூற்று முப்பத்தாறாவது டோக்கனைக் கூப்பிட வாயைத் திறந்தார். "நூத்தி முப்பத்..." என்பதோடு நின்றது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. சொல்வதெல்லாம் புரியும், கண் பேசும், தலை ஆடும், ஆனால் வாய் திறந்தால் வெறும் காற்று. நூற்று முப்பத்தாறாவது டோக்கனை வைத்திருந்த கிழவர் அன்று மாலை வரை வாசலில் உட்கார்ந்திருந்து, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

இரண்டாம் மாடியில் பேச்சுப் பயிற்சி அறை. பேச்சு டீச்சருக்கு முப்பது வயதிருக்கும், சளைக்காதவர். ஒரு நாளைக்கு ஆறு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம். காத்திருப்போர் பட்டியலில் நாற்பது பேர். அதனால் ஒரு விதி உண்டு. மூன்று மாதம் முடிந்ததும் பெரிய டாக்டர் பயிற்சியின் வீடியோப் பதிவைப் பார்ப்பார். ஒரு சொல்லாவது தெளிவாக வந்திருந்தால் இன்னொரு மூன்று மாதம். இல்லையென்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். டோக்கன் அம்மாவுக்கு மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது ஒரு சொல்லும் வந்திருக்கவில்லை.

அப்போதுதான் பேச்சு டீச்சர் ஒரு புது டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். உதட்டு அசைவைக் கவனிக்கும் மென்பொருள் ஒன்று புதிதாக வந்திருந்தது, பழைய டிஸ்க்கில் இடமில்லை.

"சார், வீடியோதான். ஆறு பேருக்கு, ஆளுக்கு ஒரு மணி நேரம். ஆனா இந்தப் புது சாஃப்ட்வேர் என்ன பண்ணுதுன்னா..."

"பெருசுதானே? சரி, கொடுங்க."

டிஸ்க்கை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கும் கேள்வியை அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் அவர் கேட்கவே இல்லை. மறதி இல்லை. அந்த மூன்று மாதமாக இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வரும் டீச்சரைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் 'இன்னிக்கு எத்தனை வார்த்தை?' என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். பதில் என்னவென்று டீச்சரின் முகத்திலேயே எழுதியிருக்கும். அதனால் அந்த அறைக்கு மட்டும் 'எத்தனை' என்று கேட்க அவர் பயந்தார். பெரிய வீடியோ, சில ஃபைல். நாலு மெகாபைட்டுக்கு ஒரு எண். என்டர்.

அந்த மென்பொருள் என்ன செய்தது தெரியுமா? வீடியோவை வீடியோவாக வைக்கவில்லை. நொடிக்கு இருபத்தைந்து படமாக அறுத்து, ஒவ்வொரு படத்தையும் தனி ஃபைலாக வைத்தது. ஒரு மணி நேரத்துக்குத் தொண்ணூறாயிரம். ஒரு நாளைக்கு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். டிஸ்க்கில் இருந்த மொத்த எண்களே இருபத்தெட்டு லட்சத்துச் சொச்சம்தான். ஐந்து வேலை நாள் ஓடிற்று. ஆறாவது நாள் திங்கட்கிழமை, இரண்டாவது ஆளாக உள்ளே போனவர் டோக்கன் அம்மா. நாற்பத்தேழாவது நிமிடத்தில் டிஸ்க் நின்றது. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. ஐம்பதாவது நிமிடத்தில், டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வழக்கம்போல "போதுமா அக்கா?" என்று கேட்டார்.

"போதும்" என்றார் டோக்கன் அம்மா.

டீச்சர் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடி வந்தார். "சார்! அக்கா பேசிட்டாங்க! 'போதும்'னு சொன்னாங்க! வாங்க, போட்டுக் காட்டறேன்!" அவரும் ஓடினார். கண்ணாடி மேசையிலேயே கிடந்தது. மேலே போய்ப் பதிவைத் தேடினால், நாற்பத்தேழாவது நிமிடத்துக்கு மேல் ஒன்றுமில்லை. திரையில் ஒரு வரி மட்டும்: டிஸ்க்கில் இடமில்லை. காலியாக இருந்தது பதினோரு டெராபைட்டுக்கு மேல்.

அந்த ஒரு வரியை டீச்சர் படித்துக் காட்டியதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டோக்கன் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் கெஞ்சலாக. அந்த அம்மா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"நான் கேட்டேன் சார். நானே பெரிய டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றார் டீச்சர்.

"பதிவுதான் பார்ப்பாருன்னு உங்களுக்கே தெரியும் டீச்சர்." பெரிய டாக்டர் பார்க்கும் நாள் அந்த வெள்ளிக்கிழமை. "ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தனையும் நிறுத்தி வச்சுக் கேட்டேன். என் வீட்டு ஆளுக்குக் கேக்கல பாத்தீங்களா? டோக்கன் அடிக்காம வாசல்லயே நிறுத்திட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மதியமே வேலையை ஆரம்பித்தார். அந்த டிஸ்க்கைத் துடைப்பதற்கு முன்னால், கையில் இருந்த ஒரே உபரி டிஸ்க்கில் இருபத்தெட்டு லட்சம் குட்டிப் படங்களையும் மாற்ற வேண்டும். பெரிய ஃபைல் என்றால் சட்டென்று முடியும். இது குட்டி குட்டியாக இருப்பதால் செவ்வாய் சாயங்காலம் வரை நகர்ந்தது. அதுவரை ஆறு பேருக்கும் பயிற்சி இல்லை. ஐந்து வீட்டுக்கு அவரே ஃபோன் செய்து, "என் தப்புதாங்க, வியாழக்கிழமை வந்துடுங்க" என்று சொன்னார். ஒருவர் திட்டினார். வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை காலை டீச்சரைக் கீழே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை?"

டீச்சர் சிரிக்கவில்லை. நொடிக்கு இருபத்தைந்து, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், ஒரு படம் இருபது கிலோபைட் என்று எழுதி வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"எத்தனை வருஷத்துக்கு?"

"மூணு வருஷம் போதும் சார்."

அவர் பென்சிலால் பெருக்கினார். நாற்பது கோடி வந்தது. லினக்ஸ் தானாகப் போடும் கணக்கில் முப்பத்தாறு கோடிதான். இவர் பதினாறு கிலோபைட்டுக்கு ஒரு எண் என்று வைத்தார். எழுபத்து மூன்று கோடி. அத்தனை எண்ணுக்கே நூற்றெண்பது கிகாபைட் போய்விடும்.

"டோக்கன் அடிக்கவே இவ்வளவு காகிதமா சார்?"

"போகட்டும் டீச்சர். காகிதம் மிஞ்சினா மிஞ்சட்டும். இனிமே யாரும் வாசல்ல நிக்கக் கூடாது."

கடைசி நான்கு இலக்கங்களை அவர் படிக்க, டீச்சர் திருப்பிச் சொன்னார். நடுவிரல் இறங்கியது.

வியாழக்கிழமைப் பயிற்சிக்கு அவரையும் உள்ளே விட்டார்கள். மூலையில் உட்கார்ந்தார். டீச்சர் படம் காட்டினார், பாட்டுப் பாடினார், ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. நாற்பதாவது நிமிடம் தாண்டியது. மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவர் டிஸ்க்கின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

டீச்சர் டம்ளரை வைத்துத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். "போதுமா அக்கா?"

டீச்சர் நிறுத்தவில்லை. தண்ணீர் விளிம்புக்கு ஏறியது. விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்து, டிஸ்க் இருந்த பக்கம் ஓடியது. டீ டம்ளரையே இரண்டு முழம் தள்ளி வைக்கிற மனிதர் எழுந்திருக்கவில்லை. டீச்சரின் கையும் நிற்கவில்லை. டோக்கன் அம்மா தண்ணீரைப் பார்த்தார், டிஸ்க்கைப் பார்த்தார், மூலையில் மரம் மாதிரி உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார்.

"போதும்!"

கூடத்தில் கூப்பிட்ட அதே குரல். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் ஒரு கையால் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதிவாயிடுச்சு சார், பாருங்க, பதிவாயிடுச்சு!" அவர் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் அதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். "ஆளைப் பாத்துத் திட்டுற மாதிரியே இருக்கே" என்று சிரித்துவிட்டு, இன்னும் மூன்று மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பயிற்சி முடிந்ததும் டோக்கன் அம்மா வீட்டுக்குப் போவதில்லை. கீழே கணவரின் அறையில், அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டாகிவிட்டது. இடது கையால் பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டபடி வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பார். யாராவது "அதெல்லாம் எனக்கெப்படி சார் தெரியும்?" என்று இழுத்தால் "போதும்!" என்று ஒரு அதட்டல் விழும். அவர்கள் உடனே மாடிக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

போன திங்கட்கிழமை, பயிற்சி அறைக்கென்று இரண்டாவது டிஸ்க் ஒன்று வந்தது. டோக்கன் அம்மாவின் பதிவுகளைத் தனியாக வைக்கலாம், ஒவ்வொரு சொல்லையும் தனி ஃபைலாக வெட்டி வைக்கலாம் என்று டீச்சர் கேட்டிருந்தார். அவர் உறையைப் பிரித்து, மாட்டி, கட்டளையைத் தட்டினார். எண்ணிக்கை வரும் இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"எத்தனை?"

டோக்கன் அம்மா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். பிறகு இடது கையைத் தூக்கி, ஒரு விரலை நீட்டினார். இரண்டு. மூன்று. நான்கு. கட்டைவிரலும் வந்தது. ஐந்து. மடியில் கிடந்த வலது கையைக் குனிந்து பார்த்தார். அது அசையவில்லை.

"போதுமா?" என்று கேட்டார் அவர், மெதுவாக.

அந்தச் சொல் இப்போது அந்த அம்மாவுக்கு நன்றாகவே வரும். சொல்லவில்லை. விசைப்பலகையின் மேல் இருந்த கணவரின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதன் விரல்களை மடக்கி, ஆறாவதிலிருந்து, ஒவ்வொன்றாக விரிக்க ஆரம்பித்தார்.